நில்லு என்றால் நிற்பவர்

ரத்தக் கறைக்கென்று நான் தனியாக வைத்திருக்கும் மருந்து பாட்டில் மறுபடியும் காலியாக இருந்தது. மூடியைத் திறந்து கவிழ்த்தால் ஒரு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். எங்கள் சலவைக்கடைக்கு விடுதிகளிலிருந்து வரும் துணிதான் அதிகம். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு. விடுதியில் தங்குகிறவர்கள் விரிப்பில் என்னென்னவோ சிந்துவார்கள், ஆனால் ரத்தம் எப்போதாவதுதான் வரும். ஒரு பாட்டில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும். இப்போது வாங்கி வைத்த கையோடு தீர்ந்துபோகிறதே, பேய் கீய் வந்து குடிக்கிறதா என்று கடையே அதிரக் கத்தினேன். கத்துவது எனக்குப் புதிதில்லை. துவைக்கிற மெஷின்களின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி என் தொண்டை அப்படியே ஆகிவிட்டது. அண்ணி தண்ணி கேட்டாலும் சண்டைக்கு வர்ற மாதிரியே இருக்கு என்பாள் என் நாத்தனார்.

என் வீட்டுக்காரர் இஸ்திரி மேசையில் நின்றபடி, தலையைத் தூக்காமல், "மூடிய சரியா போட்டிருக்க மாட்ட. ஆவியா போயிருக்கும்" என்றார்.

"ஆவியா போகுமா? இதெல்லாம் நேத்து கடைக்கு வந்தவகிட்ட சொல்லுங்க."

அவர் சிரித்தார். சிரித்தவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். உதடு வெளுத்துப் போயிருந்தது. கால்சட்டை கருப்பு. இந்த மனிதர் கருப்பே போடமாட்டார், இஸ்திரி வெக்கையோடு அதுவும் சேர்ந்து கொதிக்கும் என்பார். முந்தின நாளும் கருப்புதான் போட்டிருந்தார். அதற்கு முந்தின நாளும். யோசித்துப் பார்த்தால் அவருடைய துணி எதுவும் கொஞ்ச காலமாகத் துவைக்கிற குவியலுக்கே வரவில்லை. ஊரார் துணியில் ஒரு பொத்தான் குறைந்தால் கண்டுபிடிக்கிறவள் நான். சொந்தப் புருஷன் துணி வராமல் போனது என் கண்ணில் படவில்லை.

"ஏங்க, உங்க துணியெல்லாம் எங்க?"

"நானே அலசிக்கறேன். அதுக்கென்ன இப்ப?"

"அந்த பாட்டில எடுத்து அலசறீங்களா?"

அவர் ஒரு சட்டையின் காலரை, ஏற்கெனவே நேராக இருந்த காலரை, இரண்டு மூன்று தடவை நீவினார். அப்புறம், "மூலம்தான். கொஞ்சம் ரத்தம் போகுது. யாருக்குத்தான் இல்ல?" என்றார்.

இவருடைய கொஞ்சம் எனக்குத் தெரியும். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும் லேசா ஈரமா இருக்கு என்பார். கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மூலத்துக்கென்று போனோம். அங்கே ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள், வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள், ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு மாற்றினார்கள். கடைசியில் ஈரல் டாக்டர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். தலை நரைத்த அம்மா. கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுகிற ரகம். முதல் கேள்வியே, "குடிப்பாரா?"

"டீ குடிப்பார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் அதையேதான் கேட்டார்கள். ஸ்கேன் எடுத்தவர் கேட்டார், ஊசி போட்டவள் கேட்டாள், பக்கத்துப் படுக்கைக்காரரின் மாமியார் தானாக வந்து, இனிமேலாவது விடச் சொல்லும்மா என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார். ஒரு பீடியைக்கூடக் கையால் தொடாத மனிதர். சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்து போயிருக்கிறது. போகவில்லை, உள்ளேயே தங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். இத்தனை வருஷமாகச் சத்தம் போடாமல் கல்லீரலைத் தின்று, மிச்சத்தை இறுக வைத்திருக்கிறது. எங்களோடு அது குடும்பம் நடத்தியிருக்கிறது. எனக்குத்தான் தெரியாது.

"அப்ப அந்த மூலத்த வெட்டி எடுத்துடலாமே டாக்டர்? எத்தன பேரு பண்ணிக்கறாங்க?"

"மத்தவங்களுக்கு அது சின்ன ஆபரேஷன்ம்மா. இவருக்கு ரத்தம் உறையற சக்தியே கொறஞ்சு போச்சு. ஈரல் இறுகினா அப்படித்தான் ஆகும். வெட்டினா அந்தப் புண்ணுலேருந்து போறத யாராலயும் நிறுத்த முடியாது."

வெட்டக் கூடாது. விட்டுவைக்கவும் கூடாது. ஒரு பக்கம் ரத்தம் ஏற்றினார்கள், மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிக்கிற வேலை. கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்து, ஈரல் வியாதியால் வீங்குகிற நரம்பு வேறு, இது மூலம்தான் என்று உறுதி செய்துகொண்டார்கள். அதற்கப்புறம் இன்னொரு டாக்டர் வந்தார். மீசை இப்போதுதான் அடர்ந்திருக்கிற வயது. ரத்தக்குழாய்க்குள் குழாய் விட்டு வைத்தியம் பார்க்கிறவராம். நாங்கள் இரண்டு பேரும் அவருக்குக் குழாய் டாக்டர் என்று பேர் வைத்துவிட்டோம்.

"தொடைகிட்ட ஊசி குத்தற அளவுக்கு ஒரு ஓட்ட, அவ்ளோதான்" என்றார் அவர். "அது வழியா நூல் மாதிரி ஒரு டியூப உள்ள கொண்டுபோவோம். மூலத்துக்கு ரத்தம் கொண்டுவர்ற சின்னக் குழாய்ங்கள்ல சுருள் கம்பி வெச்சு அடச்சிடுவோம். வெட்டு கிடையாது, தையல் கிடையாது. முழிச்சிக்கிட்டேதான் இருப்பாரு. ஆனா ஆடாம அசையாம படுத்திருக்கணும். சொல்றப்ப மூச்ச நிறுத்தணும்."

"மெயின் வால்வ மூடற மாதிரியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கடையில் குழாய் வேலையெல்லாம் அவரே பார்ப்பார்.

"மெயின் இல்லீங்க. அந்த ஒரு குழாய்க்குப் போற வால்வ மட்டும்."

"அப்புறம் ஈரல்?" என்றேன் நான்.

குழாய் டாக்டர் ஈரல் டாக்டரைப் பார்த்தார். ஈரல் டாக்டர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். "அது வேற விஷயம். முதல்ல ரத்தம் நிக்கட்டும்."

சரி, முதலில் ரத்தம் நிற்கட்டும் என்று நானும் அதையே பிடித்துக்கொண்டேன். மனுஷிக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே. நாள் குறித்தார்கள். அதுவரை ஒரு சிரப் குடிக்க வேண்டும். பாகு மாதிரி, தித்திப்பு தொண்டையை அடைக்கும். அதைக் குடித்தால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை வயிறு போகும். போகவேண்டும். போகாவிட்டால் கெட்டதெல்லாம் ரத்தத்தில் கலந்து மூளைக்கு ஏறும், ஆள் குழம்பிப் போவார் என்று நர்ஸ் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு தடவை போகும்போதும் ரத்தம் கொட்டும். கழிப்பறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வருவார். நான் உள்ளே எட்டிப் பார்ப்பதற்குள் தண்ணீரைத் திறந்துவிட்டிருப்பார். அதில் மட்டும் எப்படித்தான் அவ்வளவு வேகமோ.

"போனா ரத்தம், போகலன்னா கிறுக்கு" என்றார் என்னிடம். "நல்லா யோசிச்சுத்தான் குடுத்திருக்காங்க."

"பேசாம குடிங்க. கிறுக்குப் புருஷனோட என்னால மாரடிக்க முடியாது."

"இப்ப மட்டும் என்னவாம்?"

இப்படித்தான் அந்த நாட்கள் போயின. நாங்கள் அழுகிற ஆட்கள் இல்லை. சண்டை போட்டே பொழுதைக் கழித்துவிடுவோம்.

குறித்த நாள் விடிந்ததும் நான் முகம் கழுவிவிட்டு வந்தபோது அவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருந்தார். விரிப்பிலிருந்த சுருக்கங்களை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார். ஒரு சுருக்கத்தை நீவினால் இன்னொன்று எழும்பும், அதை நீவுவார். நல்ல மனநிலையில்தான் இருக்கிறார் என்று நினைத்தேன்.

"அந்த லோடு போயிடுச்சா?" என்றார்.

"எந்த லோடு?"

"வெள்ள விரிப்பு. வண்டி வந்து நிக்குதே வாசல்ல."

வேடிக்கை செய்கிறாரென்று முகத்தைப் பார்த்தேன். வேடிக்கை இல்லை. காய்ச்சல் பார்க்க வந்த நர்ஸிடம் அவர் டோக்கன் எங்கே என்று கேட்டார். டோக்கன் இல்லாமல் துணி தரமாட்டேன் என்று கறாராகச் சொன்னார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

ஈரல் டாக்டர் வந்தார். "ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. வண்டிய நிறுத்தற மாதிரி, உள்ளங்கை தெரியணும்" என்றார். அவர் நீட்டினார். கைகள் நிற்கவில்லை. மணிக்கட்டில் தொய்ந்து விழுந்தன, எழும்பின, மறுபடி விழுந்தன. ஈரத் துணியை உதறிக் கொடியில் போடுகிறவர்களின் கை அப்படித்தான் ஆடும். ஆனால் அந்தக் கைகளில் துணி இல்லை.

"கை இப்படி விழுந்தா கெட்டது மூளைக்கு ஏறியிருக்குன்னு அர்த்தம். சிரப் குடிச்சாரா?"

"என் கண்ணெதிர்லதான் வாயில ஊத்தினாரு டாக்டர்" என்றாள் நர்ஸ். நானும் சாட்சி சொன்னேன். ஒரு வேளை தவறாமல் நானும்தானே பார்த்தேன். அப்படியானால் ஏன் என்று டாக்டர் கட்டிலைச் சுற்றிப் பார்த்தார். எனக்குக் கை சும்மா இருக்காது. பேச்சு நடக்கும்போதே தலையணைக்குப் பின்னால் சுருண்டு கிடந்த துண்டை மடிக்க எடுத்தேன். மடியவில்லை. மொடமொடவென்று இருந்தது. கஞ்சி போட்டுக் காயவைத்த துணி மாதிரி. எங்கள் வீட்டுத் துண்டு அது, அதற்கு யாரும் கஞ்சி போடமாட்டார்கள். விரலால் தேய்த்துப் பார்த்தேன், பிசுக்கென்று ஒட்டியது. முகர்ந்தால் தித்திப்பு வாசனை.

எல்லார் முன்னாலும் வாயில் ஊற்றிக்கொண்டு, தலை திரும்பியதும் துண்டில் துப்பியிருக்கிறார். கஞ்சி போட்ட துணியைத் தொட்டதுமே கண்டுபிடிக்கிற பெண்டாட்டியிடமே ஒளித்து வைத்திருக்கிறார். உலகத்தில் வேறு எவனாவது இப்படி ஒரு காரியம் செய்வானா?

வந்ததே எனக்குக் கோபம். "என்ன காரியங்க பண்ணி வெச்சிருக்கீங்க? யார ஏமாத்தறீங்க, என்னையா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் என்னை நிதானமாகப் பார்த்து, "வண்டிக்காரன நிக்கச் சொல்லு" என்றார். திட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய ஆள் அங்கே இல்லை. அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கழிப்பறைக்குப் போக அவ்வளவு பயந்திருக்கிறார். என்னிடம் சொல்லக்கூட முடியாத அளவுக்குப் பயம். சொல்லியிருந்தால் மட்டும் நான் என்ன கிழித்திருப்பேன்? குடிங்க என்றுதானே சொல்லியிருப்பேன்.

அதே மருந்தைப் பின்பக்கமாக உள்ளே செலுத்தினார்கள். எந்த வழியில் ரத்தம் போகிறதோ அதே வழியில். அதைவிட்டால் வேறு வழி இல்லை என்றாள் நர்ஸ், பாவம், அவளுக்கே கண் கலங்கியிருந்தது. நான் அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை யாரோ என்பதுபோல் பார்த்து, "விடும்மா, விடும்மா" என்று கெஞ்சினார். என்னை அம்மா போட்டு அவர் பேசியதே கிடையாது. விரிப்பு நனைந்தது. மாற்றினார்கள். மறுபடியும் நனைந்தது. விரிப்பில் ரத்தத்தைப் பார்த்தால் உடனே பச்சைத் தண்ணீரில் போடு, காயவிடாதே என்று என் கை பரபரக்கும். அன்றைக்கு அந்த விரிப்புகளை யாரோ சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மதியத்துக்குமேல் கொஞ்சம் தெளிந்தார். என் முகம் தெரிந்தது. இடம் தெரியவில்லை. குழாய் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"தள்ளிப்போடலாம். ஆனா ரத்தம் இதே மாதிரி போனா உடம்பு தாங்காது, குழப்பமும் ஏறும். மயக்க மருந்து குடுத்துப் பண்ணலாம். இந்த ஈரலோட அவரு எப்ப முழிப்பாரு, முழிப்பாரான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

"மயக்கம் இல்லாம?"

"அசையாம இருந்தா இப்பவே பண்ணிடலாம். டியூப் உள்ள இருக்கும்போது கால மடக்கினா ஆபத்தும்மா."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எங்கப்பாவா இருந்தா முயற்சி பண்ணிப் பாப்பேன்."

முயற்சி பண்ணுங்கள் என்றேன். வேறென்ன சொல்ல? சாமான் வாங்கப் போகிற கடையில்கூட நான் இவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதில்லை.

உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் கதவு திறந்து ஒரு நர்ஸ் தலையை நீட்டினாள். "அம்மா, நீங்க வாங்க. யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாரு."

என்னை ஒரு சின்ன அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர். உள்ளே நல்ல குளிர் போலிருக்கிறது, எல்லாரும் கனத்த கவசம் மாட்டியிருந்தார்கள். குறுகலான மேசையில் அவரைப் படுக்க வைத்து, மேலே பச்சைத் துணி போர்த்தி, தொடையருகே மட்டும் திறந்திருந்தார்கள். அவர் கைகள் அந்தப் பச்சைத் துணியின் சுருக்கங்களை நீவிக்கொண்டிருந்தன. கையைப் பிடித்து நகர்த்தினால் உடம்பைத் திருப்பினார். நான் பேசினால் உள்ளே கேட்கும் என்று மேசைமேல் இருந்த ஒரு மைக்கைக் காட்டினார்கள்.

"ஏங்க, நான்தான். அசையாம படுங்க" என்றேன்.

அவர் குரல் வந்த திசையைத் தேடினார். தேடுவதற்காக எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஏங்க, அசையாதீங்கன்னு சொல்றேன்ல? டாக்டர் சொல்றபடி கேளுங்க. கொஞ்ச நேரம்தாங்க."

கை மறுபடியும் துணிக்குப் போயிற்று. குழாய் டாக்டர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். வேண்டாம், நடக்காது என்ற அர்த்தத்தில்.

எங்கள் கடையில் விரிப்புகளைத் தேய்க்க ஒரு ரோலர் மெஷின் இருக்கிறது. ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் சூடான உருளைக்கடியில் போய் அந்தப் பக்கம் காய்ந்து வழுவழுவென்று வெளியே வரும். அவர் கொடுக்கிற பக்கம், நான் வாங்குகிற பக்கம். நிறுத்துகிற பொத்தான் என் கைக்குக் கிட்டே. அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். துணியில் ஒரு சுருக்கம் தெரிந்துவிட்டால் உருளையின் வாய் வரைக்கும் விரலை விட்டு நீவுவார். கல்யாணமான புதிதில் ஒருநாள் அப்படி நீவியபோது நான், "ஏங்க, கொஞ்சம் நில்லுங்க, கைய..." என்று பதவிசாக ஆரம்பித்தேன். பதவிசு முடிவதற்குள் அவருடைய மோதிர விரல் நகம் போய்விட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர் அன்றைக்கே சட்டம் போட்டார். "மெஷின் முன்னாடி இந்த வாங்க போங்க எல்லாம் வேண்டாம் தாயே. நில்லுன்னு கத்து. ஏன் எதுக்குன்னு கேக்காம நிக்கறேன்." அன்றிலிருந்து அப்படித்தான். நான் நில்லு என்றால் இரண்டு கையையும் விரித்து முன்னால் தூக்கி, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார். நான் போடு என்ற பிறகுதான் மூச்சை விடுவார். கடைக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். மாமியார் இருந்தவரைக்கும் இதைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். விரல் பெருசா மரியாதை பெருசா அத்தை என்று நான் கேட்பேன்.

கட்டின புருஷனை டாக்டர்கள் முன்னால், நர்ஸ்கள் முன்னால் எப்படி அப்படிக் கூப்பிடுவது என்று ஒரு நொடி கூசியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கால் மடங்க ஆரம்பித்தது.

"நில்லு!"

பக்கத்திலிருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார். மைக்கே தேவைப்பட்டிருக்காது. மேசையில் அவர் இரண்டு கையும் மேலே போய் விரிந்து நின்றன. கால் நின்றது. நெஞ்சு ஏறி இறங்குவதும் நின்றது. குழாய் டாக்டர் ஒரு கணம் திகைத்துவிட்டு, சட்டென்று குனிந்து வேலையைத் தொடங்கினார். நர்ஸ் அந்தக் கைகளைப் பிடித்து மெதுவாகப் பக்கத்தில் இறக்கி வைத்தாள். அவர் தடுக்கவில்லை.

"மூச்சு விடச் சொல்லுங்க" என்றார்கள்.

"போடு" என்றேன். நெஞ்சு இறங்கியது. யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அதற்கப்புறம் அவர்கள் கையைக் காட்டும்போதெல்லாம் நான் நில்லு என்பேன், அவர் நிற்பார். போடு என்பேன், விடுவார். ரத்தக்குழாய் தெரிவதற்காக டியூபில் ஒரு மருந்தை விட்டதும், எனக்கு முன்னால் இருந்த திரையில் ஒரு கருப்புக் கோடு ஓடி, கிளை பிரிந்து, கிளையும் மெல்லியதாகப் பிரிந்தது. ஈரத் துணியில் மை சொட்டினால் நூல் நூலாகப் பரவும், அந்த மாதிரி. அதுதான் அவருடைய ரத்தம் போகிற வழி என்றார்கள். ஒவ்வொரு கிளையிலும் ஒரு குட்டிச் சுருள் போய் உட்கார்ந்தது. மறுபடி மையை விட்டபோது அந்த இடத்தோடு கோடு நின்றது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் சாம்பல். நின்னுடுச்சு, நின்னுடுச்சு என்று நான் வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நின்றதுதான். மறுநாள் கொஞ்சம் கசிந்தது, அதற்கடுத்து அதுவும் இல்லை. சிரப் உள்ளே போகப் போக ஆளும் தெளிந்தார். துண்டைப் பற்றி நான் கேட்டபோது, "எந்தத் துண்டு?" என்றார். நிஜமாகவே ஞாபகமில்லையா, நடிப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மைக் கதையைச் சொன்னபோது மட்டும் கூச்சப்பட்டு, "டாக்டருங்க முன்னாடியா? மானத்த வாங்கிட்டியே" என்றார்.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று ஈரல் டாக்டரைத் தனியாகப் பிடித்தேன். ரத்தம் நின்னுடுச்சே டாக்டர், இனிமே பயமில்லையே என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தக் குழாய அடச்சிருக்காங்க. நல்லாவே பண்ணியிருக்காங்க. திரும்ப வரலாம், வந்தா மறுபடி பாக்கலாம். தினமும் ரத்தம் வருதான்னு கவனிங்க. சிரப்ப மட்டும் ஒரு வேள விடாதீங்க."

"ஈரலுக்கு?"

"மாத்தறதுதான் வைத்தியம். அவரு உடம்பு இருக்கற நிலைமைல..." என்று நிறுத்தி, "பாக்கலாம்மா" என்றார்.

இந்தப் பாக்கலாமை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். போகவே போகாத கறையோடு பட்டுச் சேலையைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்களிடம் சொல்வேன். முடியாது என்று சொல்ல மனம் வராதபோது சொல்வது.

நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "அதான் ரத்தம் நின்னுடுச்சுல்ல, அப்புறம் எதுக்கு அண்ணி மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவளிடம் என்ன சொல்வது? ரோலர் மெஷினை நிறுத்திவிட்டேன், அவரை அதன் பக்கமே விடுவதில்லை. உட்கார்ந்தபடி தலையணை உறைகளை மடிப்பார். சிரப் விஷயத்தில் இந்தத் தடவை நான் ஏமாறத் தயாராக இல்லை. குடித்ததும் வாயைத் திறந்து ஏதாவது பேச வேண்டும், அதுதான் விதி. வாயில் வைத்துக்கொண்டு யாராலும் பேச முடியாதே.

"என்ன பேசறது?"

"என்னத்தையாவது."

"இந்த மாதிரி பொம்பளைய நான் எங்கயும் பாத்ததில்ல" என்பார். இன்னொரு வேளைக்கு, "எங்க மாமனார் என்ன நல்லா ஏமாத்திட்டாரு" என்பார். ஒவ்வொரு வேளைக்கும் ஒன்று வைத்திருந்தார். ஒரு சொட்டு வீணாகாமல் உள்ளே போனது. அதற்கு நான் பொறுப்பு.

கழிப்பறைக்கும் ஒரு விதி. தாழ்ப்பாள் போடக் கூடாது. நான் வெளியே நிற்பேன். முடிந்ததும் அவர் பார்த்துவிட்டு, "இல்ல" என்று குரல் கொடுக்க வேண்டும். பிறகுதான் தண்ணீரைத் திறக்கலாம். முதலில் வெட்கப்பட்டார், அப்புறம் பழகிவிட்டது. "இல்ல" என்ற அந்த ஒரு சொல்லுக்காகக் காலையில் கண் விழித்ததிலிருந்து காத்திருப்பேன். அது கிடைத்துவிட்டால் அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலை ஓடும், வண்டிக்காரனோடு சண்டை போடுவேன், பாட்டுகூட முணுமுணுப்பேன்.

இன்று காலை அந்தச் சொல் வரவில்லை.

"என்னங்க?" என்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. "ஏங்க, இருக்கா இல்லையா? சொல்லுங்க." செருப்பு தரையில் உராய்கிற சத்தம் கேட்டது. எழுந்துவிட்டார். பார்க்கவிடாமல் தண்ணீரைத் திறக்கப் போகிறார், மறுபடியும் என்னிடம் ஒளிக்கப் போகிறார். கதவைத் தள்ளினேன். அவர் கை தண்ணீர்ப் பிடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நில்லு!"

நின்றார். நான் அவரைத் தாண்டிக் குனிந்து பார்த்தேன். விளக்கைப் போட்டும் பார்த்தேன். சிவப்பு இல்லை. ஒரு இழைகூட இல்லை. அந்தச் சின்ன வயசு டாக்டரின் கைக்குத் தங்கக் காப்பு போடலாம். அப்படியே சுவரில் சாய்ந்து, "ஏங்க, இல்லன்னு வாயத் தொறந்து சொன்னா என்ன கொறஞ்சா போயிடுவீங்க? என் உயிரே போயி வந்துச்சு" என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன்.

அவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். இரண்டு கையையும் விரித்து முன்னால் தூக்கியிருந்தார். தலை அசையவில்லை, கால் அசையவில்லை. கைகள் மட்டும் மணிக்கட்டில் தொய்ந்து விழுந்தன, எழும்பின, மறுபடி விழுந்தன.

"நில்லு" என்றேன் இன்னொரு தடவை, மெதுவாக.

கைகள் ஆடிக்கொண்டிருந்தன. அவர் மூச்சை விடாமல், நான் போடு என்று சொல்வதற்காக, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.